தண்ணிக் கழிவு

கொழும்பிலிருந்து நான் தூக்கிவந்த தராசு
நூற்றிருபதோடு நின்றுவிடும்.
முள் ஓரத்தில் முட்டி நடுங்க,
எதையோ உடைத்துவிட்டவன்போல்
மெதுவாக இறங்கினான்
ரெங்கநாதன் டிலுக்‌ஷன்,
பதினேழு வயதும் ஐந்து மாதமும்.

ஆகவே கொழுந்து மடுவத்துக்குப் போனோம்.
சாக்கு மாட்டும் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து
காலை மடக்கித் தொங்கினான்.
உத்தரம் முனகியது.
நூற்றிருபத்தொன்பது.
நிறுவைக்காரர் பழக்கதோஷத்தில்
"தண்ணிக்கு ரெண்டு கழிச்சுக்குவமா, சேர்?" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
வரிசையில் மூன்றாவதாக நின்ற அவன் தாய் சிரிக்கவில்லை.
அவள் சாக்கு இன்னும் நிறுபடவில்லை.

என் தொழில் இதுதான்.
பெரிய பையன்கள் எங்கே இருக்கிறார்கள் என்று
யாராவது சொன்னால் ஜீப்பை எடுப்பேன்.
விடுதி இலவசம், சப்பாத்து இலவசம்,
உயர்தரம் முடியும்வரை ஒரு கட்டில்;
காசு பழைய மாணவர்களுடையது,
கண் என்னுடையது.

அந்தக் கண் பிழைத்ததும் உண்டு.
பண்டாரவளை இஸ்ஸத்.
பதினாறு வயதுப் போட்டியில் அவன் மேல் மோதியவர்கள்
சுவரில் பட்ட பந்துபோல் திரும்பி வந்தார்கள்.
கொழும்பில் எல்லோரும் வளர்ந்துவிட்டிருந்தார்கள்.
இரண்டு வருடம் வாங்கில் உட்கார்ந்தான்,
முழங்கால் போனது.
இப்போது மாமாவின் கடையில் சீனி நிறுக்கிறான்.
கண்டால் பிளேன்டீ வாங்கித் தருவான்,
அதுதான் தாங்க முடியவில்லை.

அதனால் இப்போதெல்லாம் வயிற்றைப் பார்ப்பதில்லை.
கணுக்காலைப் பார்ப்பேன்.
விழுந்தவன் எழும்ப எத்தனை எண்ணிக்கை
என்று பார்ப்பேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலென்றால் கொப்பியை மூடிவிடுவேன்.

பின்னேரம், அட்டன் மைதானம்.
பனிமூட்டம் இறங்கி ஒரு பக்கத்துக் கம்பம் மட்டும் தெரிந்தது.
எதிரணி நாவலப்பிட்டி.
டிலுக்‌ஷன் மூன்றில் எழும்பினான்,
சில நேரம் மூன்றரை.
ஓட்டம் பாரம் ஏற்றிய லொறி.
ஆனால் ஸ்க்ரமில் அவன் குனிந்தால்
எதிர்ப்பக்கம் முழுவதும் ஓர் அடி பின்னால் போனது,
மேசையைத் தள்ளிவைப்பதுபோல்.

ஆறாவது ஸ்க்ரம் சரிந்தது.
நாவலப்பிட்டியின் ஹூக்கர், நோஞ்சான் பையன்,
தலை உள்ளே மடங்கிப் போனான்.
ஒரு சத்தம் வந்தது, சத்தம்கூட இல்லை.
நடுவர் மூட்டத்துக்கு அந்தப் பக்கம்,
விசில் இல்லை.
டிலுக்‌ஷன் தள்ளுவதை நிறுத்தினான்.
முழங்கை இரண்டையும் சேற்றில் ஊன்றி
முதுகை வளைத்து
பின்னால் வந்த ஏழு பேரின் பாரத்தையும்
அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.
ஏழு பேரும் ஏசினார்கள்.
பந்து போனது, ஐந்து புள்ளி போனது.
கப்டன் அவன் பிடரியில் ஒன்று போட்டான்.
ஹூக்கர் எழும்பி, கழுத்தைத் திருப்பிப் பார்த்து,
சப்பாத்து நாடாவைக் கட்டினான்.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது:
ஆக்ரோஷம், பத்துக்கு எத்தனை.

என் கழுத்தில் இரண்டு எலும்பை
ஓர் இரும்புத் தகடு சேர்த்து வைத்திருக்கிறது.
மழை வருமுன் வானொலிக்கு முதல் எனக்குத் தெரியும்.
அன்று எனக்கு எதிரே குனிந்தவன் நல்ல ப்ரொப்.
பத்துக்குப் பத்து.

ஜீப்படிக்கு அவன் தாய் வந்தாள், புஷ்பலீலா,
படங்குச் சாக்கு இன்னும் இடுப்பில்.
பையன் பாஸா என்று கேட்கவில்லை.
"காலையில ஆறு ரொட்டி திம்பான்.
அங்க குடுப்பாங்களா?"
குடுப்பாங்க என்றேன். எனக்குத் தெரியாது.
"அரைப் பேரா மட்டும் போட்டுறாதீங்க" என்றாள்.

கொட்டகலைத் தாண்டி ஜீப்பை நிறுத்தி
உள் விளக்கைப் போட்டேன்.
ஆக்ரோஷம் என்ற கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.
குறிப்பு என்ற இடத்தில், காலையில் ஆறு ரொட்டி.
எடை நூற்றிருபத்தொன்பது.
விடியற்காலைப் பயிற்சி முடித்து
ஈரச் சப்பாத்தோடுதான் அவன் தொங்கினான்.
சேர்த்தே எழுதியிருக்கிறேன்.